முப்பத்தெட்டரை டிகிரி மாடன்

காட்டில் கூடாரம் போட்டுத் தங்க நிரஞ்சன் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தான். வீட்டில் இருப்பதைவிட அங்கே வசதியாக இருக்க வேண்டும். தன் பிறந்த வீட்டுக் குலதெய்வமான செங்காட்டு மாடனுக்குச் சித்திரையில் மூன்று நாள் கொடைத் திருவிழா, தங்குவது மலைமேல், அதுவும் தீத்தடைக் காலத்தில் என்று மனைவி பொற்கொடி சொன்னபோது அவன் முகம் சுருங்கிவிட்டது. 'குளுகுளு குடில்' விளம்பரத்தைக் காட்டிய பிறகுதான் வழிக்கு வந்தான்.

விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை. குடிலுக்குள் ஏசி இருந்தது, அமுங்கும் மெத்தை இருந்தது, உட்கார்ந்து போகிற கழிப்பறை இருந்தது. போதாக்குறைக்கு ஒரு சுவர் முழுக்கத் திரை. பொழுது சாய்ந்ததும் அந்தத் திரையில் விறகு எரியும், சடசடவென்று சத்தமும் வரும். நெருப்பே கூடாத காட்டில் நெருப்பைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டிப் படுத்துக் கிடக்கலாம். மனிதன் காட்டை விட்டு வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். திரும்பிப் போவதற்குக் குடில்காரன் இத்தனை காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

மலைகள் கோடைக்குக் கோடை எரிந்த பிறகு வந்த சட்டம் அது. மழை விழும் வரை காட்டில் அடுப்பு கூடாது, பீடி கூடாது, ஊதுவத்தி கூடாது, கற்பூரம் கூடவே கூடாது. அடிவாரச் சோதனைச் சாவடியில் இருந்த வனக்காவலர் பைகளைத் துழாவி முடித்துவிட்டு வானத்தைக் காட்டினார்.

"மேல ஒண்ணு சுத்திக்கிட்டு கெடக்கும். பயந்துராதீங்க சார். அதுக்கு வெப்பக் கண்காணிப்பு ஊர்தின்னு பேரு. சனங்க பருந்துன்னு சொல்லுதாங்க. முப்பத்தெட்டரை டிகிரிக்கு மேல எதைப் பாத்தாலும் கத்தும்."

"அவ்வளவு கம்மியாவா? ஒரு டீயே அறுபது டிகிரி இருக்குமே" என்றான் நிரஞ்சன்.

"அதான் டீ கெடையாது. போன கோடையில ஒருத்தன் பீடி பத்தவைக்கணும்னு அடுப்புக் கங்கை டப்பாவுல அடைச்சு, துணியச் சுத்தி, வயித்துல கட்டிக்கிட்டு மேல ஏறிட்டான். ஒடனே கமிட்டி போட்டாங்க. மனுச உடம்புச் சூட்டுக்கு மேல காட்டுக்குள்ள எதுக்குச் சூடுன்னு கமிட்டியில கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் பதில் தெரியல."

"கத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள் பொற்கொடி.

"அந்தச் சூட்டுக்கு நேர் மேல நின்னு பனித்தண்ணி அடிக்கும். ஆறுத வரைக்கும் விடாது. பருந்து தலைக்கு மேல நின்னா இந்தக் கேட்டு தெறக்காது. சூட்டைக் காட்டுப் பாதையில நகத்தக்கூடாதுன்னு விதி. ரெண்டு எடத்துல சூடு இருந்தா எது அதிகமோ அதுக்கிட்ட ஓடிரும். ஒத்தப் பருந்துதான் குடுத்திருக்காங்க."

"எங்க குடில்ல ஏசி ஓடுமே?" என்றான் நிரஞ்சன்.

"அது பதிவு பண்ணுன கம்பெனி சார். குடிலுக்கும் அது விடுத அனலுக்கும் கார் எஞ்சினுக்கும் விலக்கு இருக்கு. பருந்து அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கிடும்" என்றார் காவலர், அது பருந்தின் நல்ல குணம் என்பதுபோல.

மேலே கொடைக் கமிட்டித் தலைவன் மாசானம் அமர்க்களப்படுத்தியிருந்தான். பொற்கொடிக்குத் தம்பி முறை. சட்டத்துக்குப் பயந்தவன், சாமிக்கும் பயந்தவன், இரண்டுக்கும் நடுவே பல்பு மாட்டத் தெரிந்தவன். தீச்சட்டிக்குச் சிவப்பு பல்பு, பந்தத்துக்கு ஆரஞ்சு பல்பு. பொங்கல் பானையில் அவலை ஊறப்போட்டு, பால் பொங்குகிற சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டான். பெண்கள் குலவையிட்டார்கள். பொங்கல் எந்தத் திசையில் வழிந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, ஸ்பீக்கர் கிழக்கே பார்த்துத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. நேர்ந்துவிட்ட கிடாய்களை வெட்டினால் சமைக்க வழியில்லை என்பதால் மாலை போட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். தீத்தடையை மனதார வாழ்த்தியவை அந்தக் கிடாய்களாகத்தான் இருக்கும்.

பருந்து முதன்முதலாகப் பீடத்துக்கு மேலே வட்டம் போட்டபோது கூட்டம் முழுவதும் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டது. கோயில் விசேஷத்தில் வானத்தில் ஒன்று வட்டமிட்டால் அது கருடன்தான். மூன்று தலைமுறைப் படிப்பு என்ன செய்யும்? கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. பொற்கொடியின் கையும்தான் தூக்கிக்கொண்டது. அவள் பெருமாள்புரத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள்.

முதல் நாள் சாயங்காலம் பலவேசம் சித்தப்பா ஆடினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கனத்த உடம்பு, ரத்தக் கொதிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை. பொற்கொடியின் அப்பாவுக்குத் தம்பி. அப்பா இறந்த பிறகு அவளைக் கல்லூரியில் சேர்த்ததும், கல்யாணப் பந்தலில் தாரை வார்த்துக் கொடுத்ததும் அவர்தான். இருபது கொடைகளாக மாடன் அவர்மேல்தான் இறங்குகிறார். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

மேளம் உச்சத்துக்குப் போனது. சித்தப்பா சிவப்பு பல்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார், நாக்கைக் கடித்தார், கண்ணை உருட்டினார். பருந்து அவர் தலைக்கு மேலே வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

"ஏல, சாமி வந்தா உடம்பு கொதிக்கும்னுதான சொல்லுவாவ? பருந்து சும்மா போயிட்டே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மேளக்காரனின் கை தளர்ந்தது. மாசானம் தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் கருவி சொல்வதை நம்பாமல் இருக்க அவனுக்குப் பழக்கமில்லை.

"பெரியப்பா, தப்பா நெனைக்காதீங்க. மாடன் வந்திருந்தா பருந்து காட்டிக் குடுத்திருக்கும்லா?"

சித்தப்பா ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். பிறகு காலை இறக்கி, சட்டியைக் கீழே வைத்து, பல்பை அணைத்துவிட்டு, குடில்களுக்குப் பின்னால் நடந்து போனார். பொற்கொடி அவருக்குப் பின்னால் இரண்டு அடி வைத்தாள். கூடப் போயிருக்கலாம். ஆனால் நிரஞ்சன் குளிருகிறது என்று குடிலுக்குள் இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஏசியைக் குறைத்தாலும் குளிர் விடவில்லை. காய்ச்சல். மறுநாள் காலையில் உடம்பு அனலாகக் காய்ந்தது, கண் சிவந்திருந்தது, கையில் பொட்டுப் பொட்டாகத் தடிப்பு. கொசுக் காய்ச்சலின் அடையாளம் அது. பொற்கொடி தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். மலையை விட்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்து பைகளைக் கட்டினாள். குடிலுக்குள் இருந்தவரை பருந்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குத்தான் அந்தப் பக்கம் கண் கிடையாதே.

அந்த நேரம் பார்த்து மாசானம் பட்டுத்துண்டோடு வாசலில் நின்றான். கொடையின் இரண்டாம் நாள் மாப்பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டும் நாள்.

"ரெண்டே நிமிசம்க்கா. மாப்ள வந்து தலையக் குனிஞ்சிட்டுப் போயிரட்டும். மத்த மாப்ளமாரு எல்லாரும் வந்தாச்சு. இவுக மட்டும் வரலைன்னா மரியாதையா இருக்குமா?"

எப்படியும் காருக்குப் போகப் பீடத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்று அவளும் எண்ணினாள். நிரஞ்சனைத் தோளில் சாய்த்து வெளியே கூட்டி வந்தாள்.

பத்து அடி வைத்திருக்க மாட்டார்கள். பருந்து வானத்தில் இருந்து செங்குத்தாக இறங்கி அவன் தலைக்கு மேலே நின்று அலறியது. "அனுமதியற்ற வெப்பம்! அனுமதியற்ற வெப்பம்!" சிவப்பு விளக்கு சுழன்றது. பனித்தண்ணீர் சீறி அடித்தது. நிரஞ்சனுக்கு நடுக்கம் எடுத்தது. பல் கிட்டித்து, கை உதறி, கண் மேலே செருகியது.

அடுத்த கணம் குலவைச் சத்தம் மலையைப் பிளந்தது. மேளம் தானாகவே தொடங்கியது. நேற்றுப் பல்பைப் பார்த்துச் சலித்த சனமெல்லாம் பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்து கும்பிட்டது.

"மாடன் மாப்ள மேல எறங்கிட்டாரு! கருடன் காட்டிட்டாரு!"

"மாசானம், அது காய்ச்சல்! வழிய விடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினாள் பொற்கொடி. யார் காதில் விழுந்தது? அதற்குள் அவனைத் தூக்கிப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு பெண், தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டாள். "அஞ்சு நிமிஷம் படுத்துக்கிறேன்" என்று முனகினான் நிரஞ்சன். ஐந்து மாதத்தில் கிடைத்துவிடும் என்று மாசானம் விளக்கம் சொன்னான். அந்தப் பெண் ஆனந்தத்தில் அழுதாள்.

பொற்கொடி காய்ச்சல் மாத்திரையை எடுத்து அவன் வாயருகே கொண்டு போனாள். மாசானம் அவள் கையைப் பிடித்தான்.

"சாமிக்கு மாத்திரையாக்கா? சூட்டை அணைச்சா மாடனையே அணைச்ச மாரிலா? மொறப்படி மலையேத்துவோம். சாமிய மலையேத்துனா மனுசன் தன்னால தெளிஞ்சிருவாரு."

"சரி, மலையேத்து. இப்பவே ஏத்து."

"கற்பூரம் காட்டாம மாடன் மலையேற மாட்டாரே" என்றான் மாசானம், உண்மையான வருத்தத்தோடு. "கற்பூரம் கொளுத்துனா ரெண்டு வருசம் உள்ள போயிருவோம். நான் என்னக்கா செய்ய?"

பொற்கொடி தீத்தடைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். பேசிய பெண்ணின் குரல் மிகவும் கனிவாக இருந்தது. கனிவான குரல் வந்தாலே காரியம் நடக்காது என்பது அவளுக்குப் பழைய அனுபவம்.

"நெருப்பா மேடம், கங்கா?"

"ரெண்டும் இல்லைங்க, காய்ச்சல். என் வீட்டுக்காரர்."

"எங்க சிஸ்டத்துல நெருப்பு, கங்கு, மற்றவைன்னு மூணுதான் இருக்கு. மற்றவைன்னு போட்டுக்கறேன். நீங்க தண்ணி ஊத்தி அணைக்கப் பாருங்க."

"ஒரு ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"ஆம்புலன்ஸ்ல ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கும் மேடம். தீத்தடைக் காலத்துல மலைக்கு மேல விட மாட்டோம். அவர் காய்ச்சல்லதான் இருக்கார்னு ஒரு டாக்டர் நேர்ல பார்த்துச் சொல்லிட்டா கேட்டைத் திறந்துடலாம்."

"டாக்டர் எப்படி இங்க வருவாரு?"

"அது சுகாதாரத் துறை மேடம்" என்றாள் அந்தப் பெண், இன்னும் கனிவாக.

பொற்கொடி போனை வைத்தாள். சட்டம் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது, சாமி மறுபக்கம். நடுவே தன் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துகொண்டிருக்கிறான். மூக்கின் ஓரத்தில் ரத்தம் கசிவதை அவள் பார்த்துவிட்டாள். இன்றைக்குள் இறங்காவிட்டால் பிழைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. யாரும் பார்க்காமல் அழவேண்டும் என்று குடிலுக்குப் பின்னால் ஓடினாள்.

அங்கே பலவேசம் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறார். ஏசி வெளியே தள்ளுகிற அனல் அவர் முகத்தில் அடித்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சித்தப்பா, இங்கன போயி ஏன் இருக்கீங்க? வெந்துருவீங்களே!"

"மனுசன் மூஞ்சியில முழிக்க முடியலட்டி. இங்கனதான் ஒருத்தரும் வரல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மாப்ளைக்கு ரொம்ப மோசமா?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பா அனல் வரும் பொந்தைக் காட்டினார்.

"காலையில இங்கருந்து எந்திச்சு ஒண்ணுக்குப் போனேன். பருந்து என்னையப் பாத்து லேசாக் கத்திச்சு. வேர்வை ஆறுனதும் போயிட்டு. இதுக்கு முன்னால நிக்க வரைக்கும் அதுக்கு ஒண்ணும் தெரியல. வெளிய வந்தா நான் நெருப்பு."

பொற்கொடி நிமிர்ந்தாள். இயற்பியல் டீச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நிரஞ்சனைவிடச் சூடாக ஒருவர் நின்றால் பருந்து அங்கே போய்விடும். பருந்து போனால் கூட்டமும் போகும், கேட்டும் திறக்கும்.

திறப்பதற்கு முன்னால் இந்த வயதில் இந்த ரத்தக் கொதிப்போடு இந்த அனலில் அவர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பேர் உயிரைத் தராசில் வைக்கிற அறிவு அவளுக்கு இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஒரே ஒருவனின் மூக்கில் வழிந்த ரத்தம்தான் கண்ணில் நின்றது.

"சித்தப்பா, இன்னொரு தடவ ஆடுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

"ஆடாம? இத்தன வருசமும் எம்மேல வந்தது மாடனா, மேளச் சத்தமான்னு எனக்கே தெரியாது கொடி. நல்லாருக்கும். ஆனா சூடா இருந்துச்சான்னு ஒருத்தனும் தொட்டுப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாக்கட்டும்."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் போட்டேன். நீ போயி காருப் பக்கம் நில்லு."

போட்டாரா இல்லையா என்று அவள் திரும்பக் கேட்கவில்லை.

சித்தப்பா அனலுக்கு முதுகைக் காட்டினார், நெஞ்சைக் காட்டினார், வாயைத் திறந்து அதைக் குடித்தார். முகம் செங்கல்போல ஆன பிறகு குடிலைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்து ஓங்கி ஒரு சத்தம் போட்டார். பருந்து நிரஞ்சனை விட்டுவிட்டு அவரிடம் பறந்தது. அலறலும் சிவப்பு விளக்கும் அவர் தலைக்கு மேலே போயின. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. நேற்றுக் கேள்வி கேட்ட மாசானம்தான் முதலில் காலில் விழுந்தான்.

"ஏல மாசானம்! நேத்து எம்புள்ளையச் சந்தேகப்பட்டியால?" என்று கர்ஜித்தார் சித்தப்பா.

"மன்னிக்கணும் சாமி!"

"மருமவன் மேல எறங்குனது என் தம்பி! அவனுக்குத் தண்ணிக்கரை வேணும். இந்த நிமிசமே மலையடிவாரத்துக்குக் கொண்டு போ. பொண்டாட்டி கையால காரை ஓட்டணும். ஒருத்தன் மறிச்சாலும் குலத்தை அழிச்சிருவேன்!"

அரை நாளாகக் கெஞ்சிக் கிடைக்காதது ஒரு அதட்டலில் நடந்தது. நான்கு பேர் நிரஞ்சனைத் தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தினார்கள், காரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பொற்கொடி காரை எடுத்தாள்.

வளைவுகளை அவள் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கேட் கண்ணில் படும் நேரத்தில் தலைக்கு மேலே அந்த அலறல் வந்தது. சித்தப்பா உடம்பு ஆறிவிட்டது. பருந்து அடுத்த சூட்டைத் தேடி வந்துவிட்டது. கேட் அசையவில்லை. காவலர் கையைப் பிசைந்தார்.

"நான் தெறக்க முடியாதும்மா. அது என் கையில இல்ல."

பொற்கொடி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். 'சித்தப்பா, இன்னும் ஒரே தடவை' என்று வாய்விட்டுச் சொன்னாள். மாடனிடம் அவள் இதுவரை எதுவும் கேட்டதில்லை, அப்போதும் கேட்கவில்லை. அந்த மனிதரிடம்தான் கேட்டாள். தன்னை விட்டுப் பருந்து அடிவாரத்துக்குப் பறந்ததை மேலே சித்தப்பா பார்த்திருக்க வேண்டும். நேரம் ஊர்ந்தது. பின்சீட்டில் நிரஞ்சனின் மூச்சு கொதித்துக்கொண்டிருந்தது.

திடீரென்று பருந்து வாயை மூடியது, திரும்பியது, மலையை நோக்கி விரைந்தது. கேட் திறந்தது. அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

அடிவார ஆஸ்பத்திரியில் நிரஞ்சனைப் படுக்கவைத்து ஊசி ஏற்றினார்கள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். பொற்கொடி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் மாசானம் கூப்பிட்டான். குரலில் கொண்டாட்டம் தெறித்தது.

"அக்கா, நீ பாக்கக் குடுத்து வைக்கலியே! நீ போனதுக்கு அப்புறம் பெரியப்பா திரும்பவும் குடிலுக்குப் பின்னால போனாரு. ரொம்ப நேரம் ஆளே வரல. வந்தாரு பாரு, பருந்து அலறுன அலறல்ல காடே ஆடிட்டு. உடம்பு தீயா இருந்துச்சு. ஒரு சொட்டு வேர்வை இல்ல. எவ்வளவு நேரம் நின்னாருங்க! பருந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரல."

"தண்ணி குடுத்தீங்களா?"

"கேட்டாருக்கா. நாங்க குடுப்போமா? சாமி அணைஞ்சிராதா?"

பொற்கொடி எழுந்து நின்றாள்.

"அப்புறம் அப்படியே சாஞ்சாரு. கற்பூரமே இல்லாம மாடன் மலையேறிட்டாருக்கா! இனி ஒவ்வொரு கொடையும் இவுகதான்னு கமிட்டியில முடிவு பண்ணியாச்சு. ஒங்க குடில்லதான் படுக்க வச்சிருக்கோம். பாவம், களைச்சுப் போயிட்டாரு. ஏசிய முழுசாக் கூட்டி வச்சாச்சு. தொட்டுப் பாத்தேன், நல்லா சில்லுன்னு இருக்காரு."

"மாசானம், மூச்சு இருக்கான்னு பாருல. மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாரு. இப்பவே பாரு!"

அக்கா ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை.

"எதுக்குக்கா?" என்றான். "பருந்து ஒண்ணும் சொல்லலியே."